யோகட் கப்பில் ஒயில்

சம்மாந்துறையில், அம்பாறை வீதியோரம் என் கடை.
வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள்.
மறுகா, "காக்கா இல்லியா?" என்பார்கள்.
காக்கா கட்டாரில்.
கடை என்னுடையது.
அதே விலையை இன்னொருதரம் சொல்வேன்.

மாசி நடுவில், வேளாண்மை பழுத்துச் சாய்ந்த கிழமை,
மல்வத்தைத் தவேந்திரன் வந்தார்.
வெட்டு மெஷின் முதலாளி.
லீசிங்கில் இன்னும் பத்தொன்பது தவணை.
கையில் ஒரு யோகட் கப்,
அதற்குள் நான் விற்ற ஒயில்.
தேன் நிறத்தில் கொண்டுபோனது
தார் நிறத்தில் திரும்பியிருந்தது.

"அறுபது மணித்தியாலம் ஓடல்ல, கரியாப் போச்சு.
இதுக்கா இவ்வளவு காசு?
சீலன் பரல் ஒயில்தான் ஊத்துறான், அரைவாசி விலை.
நாலு மாசமா மஞ்சளாவே நிக்குது."

விரல் நுனியில் தொட்டுப் பார்த்தேன்.
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
வழுக்கியது, நூல் விட்டது.
மண் நறநறக்கவில்லை.
உயிரோடுதான் இருந்தது.

"வயலுக்குள்ள உடுத்த சாரத்த
ஊறப் போட்டுக் கும்முறீங்க.
தண்ணி தெளிவாவே நிண்டா
ஊத்தை எங்க இருக்கு?"

அவர் சிரித்தார்.
என் பேச்சுக்கு, கணக்குக்கு அல்ல.
கப்பை மேசையில் வைத்துவிட்டு
பரல் ஒயில் கடைப்பக்கம் கிறுகிப் போனார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
கடை திறந்த வருஷம்
நானும் பரல் ஒயில் விற்றவள்தான்.
எங்கே வடித்தது, யார் நிறம் கூட்டியது
என்று கேட்டதில்லை.
ஒருநாள் ஒரு பெக்கோக்காரன் வந்தான்.
ஏசவில்லை, காசைத் திருப்பிக் கேட்கவில்லை.
முறிந்த கிராங்கின் ஒரு பாதியை
வாசலில் போட்டுவிட்டுப் போனான்.
கச்சான் காற்றுக்குக் கதவு அடிபடாமல்
இன்றுவரை அதைத்தான் முட்டுக்கொடுக்கிறேன்.

அடைத்துக் கிடக்கும் எஞ்சினுக்குள்
நான் போய்ப் பார்த்ததில்லை.
ஆனால் தெரியும்:
நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று.
இரும்பு இரும்பைத் தொடத் துடிக்கிறது.
நடுவே ஒயில்,
ஓர் உமியை நூறாகச் சீவினால்
ஒன்றின் தடிப்பு.
அவ்வளவுதான் இடைவெளி,
ஒரு போகத்துக்கும் ஒரு கடன்காரனுக்கும்.
புகையையும் கரியையும்
தன்மேல் வாங்கிக்கொண்டு
வடிக்கும் நாள்வரை
அது ஓடிக்கொண்டே இருக்கும்.

பத்தாம் நாள் கடல்பக்கம் மழை கறுத்தது.
அஸருக்குப் பிறகு கராஜ் இல்முதீன்
ஒரு பெயாரிங் ஓட்டைக் கொண்டுவந்து
யோகட் கப்புக்குப் பக்கத்தில் வைத்தான்.
வெள்ளி மினுக்கம் இல்லை.
பூனை பிறாண்டியதுபோல் கோடுகள்,
கோடுகளுக்கு அடியில் செம்பு.

"ஆருட மெஷின்?"
"சீலன்ட. மல்கம்பிட்டி வட்டைக்குள்ள
ஆறு ஏக்கர் வெட்டாம கிடக்கு.
நடு வயலில நிண்டுட்டு,
தள்ளவும் ஏலாது."

"ஒயில்?"

இல்முதீன் கையைத் துடைத்தான்.
"ஒயில் மஞ்சளாத்தான் தாத்தா இருக்கு."

அன்றிரவு கடை பூட்டும் நேரம்
தவேந்திரன் வந்தார்.
முழங்கால்வரை சேறு, நெற்றியில் டோர்ச்.
பரல் ஒயிலை
வயல் கரையிலேயே வடித்துவிட்டாராம்.
சீலனின் ஆறு ஏக்கரையும் மழைக்கு முன் வெட்ட வேணும்,
அவன் இவருடைய மச்சினன்.
எங்கே பிழை, யார் சொன்னது சரி,
அந்தக் கதை எடுக்கவில்லை.
காக்காவைக் கேட்கவில்லை.
விலையையும் கேட்கவில்லை,
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கடனுக்குத் தருவீங்களா?"

கொப்பியை எடுத்தேன்.
பன்னிரண்டு லீற்றர். பில்டர் ஒன்று.
கிறீஸ் இரண்டு கிலோ. போகம் முடியக் காசு.
எழுதிக்கொண்டிருக்கையில் முதல் துளி
தகரத்தில் விழுந்தது.
அவர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு
கிராங்கில் கால் இடறி,
அதற்கு ஏதோ ஏசிவிட்டு,
ஓடினார்.